லேப்டாப்பை டிவியில் மாட்டிப் படம் பார்க்க வயரா, வயர் இல்லாமலா?

அம்பை வளவு:
பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போக எங்கள் ஆட்கள் மொத்தமும் அம்பாசமுத்திரம் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். பகலெல்லாம் பொங்கல், கோயில் என்று ஓடிவிடும், ராத்திரி பட்டாசலில் பாயை விரித்துப் படுத்த பிறகு எல்லோருக்கும் படம் வேண்டும். ஆச்சிக்குக் கருப்பு வெள்ளை, பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், அத்தானுக்கு சப்டைட்டிலோடு மலையாளம். படமெல்லாம் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. சுவரில் 43 இஞ்ச் டிவி மாட்டியிருக்கிறது, அதுவும் ஸ்மார்ட் டிவிதான், ஆனால் எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். கடையில் கேட்டதற்கு டிவியில் மாட்டுகிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கிச் செருகுங்கள் என்கிறார்கள். லேப்டாப்பையே டிவியில் மாட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். வயரா, வைஃபையா? வயர் என்றால் எந்த வயர், எவ்வளவு நீளம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை சால்டரிங்:
தம்பி, கடைக்குப் போகும் முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் பாருங்கள், லேப்டாப்பின் இரண்டு விலாவையும் பாருங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல் வயரை வாங்கிவிட்டு என்னிடம் வருகிறார்கள். இரண்டிலும் எச்டிஎம்ஐ என்று எழுதிய தட்டையான ஓட்டை இருந்தால் கதை முடிந்தது, ஒரே வயர்தான், படமும் சத்தமும் சேர்ந்தே போகும். 2002 கடைசியில் வந்த ஏற்பாடு இது, அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்பு மாறிவிட்டது, ஆனால் அந்த ஓட்டையின் வடிவம் மாறவில்லை. பழைய லேப்டாப் புது டிவியோடு சேரும், புது லேப்டாப் பழைய டிவியோடும் சேரும்.

லேப்டாப் மெலிசான புது மாடல் என்றால் எச்டிஎம்ஐ இருக்காது, டைப் சி மட்டும்தான் இருக்கும். அங்கேதான் ஏமாறுவார்கள். டைப் சி ஓட்டை எல்லாமே படம் அனுப்பாது, சிலது சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான். ஓட்டைக்குப் பக்கத்தில் டிபி என்ற குறியோ மின்னல் குறியோ இருக்கிறதா பாருங்கள். குறி இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடி, டிஸ்ப்ளே போர்ட் (டிபி என்பது இதுதான், படம் அனுப்புகிற வசதி) உண்டு என்று பார்த்த பிறகு டைப் சியை எச்டிஎம்ஐ ஆக்குகிற அடாப்டர் ஒன்று வாங்குங்கள்.

நீளம் வாங்கும்போது டிவியில் இருந்து லேப்டாப் வைக்கிற இடம் வரை நேராக அளக்காதீர்கள். சுவரோடு இறங்கி, தரையோடு ஓடி, மேசையில் ஏற வேண்டும். 5 மீட்டர் சாதாரண வயரே தாராளமாக வேலை செய்யும். 10 மீட்டர் தாண்டினால்தான் வேறு மாதிரி வயர் யோசிக்க வேண்டும். தங்க முலாம் பூசியது, படம் தெளிவாக வரும் என்று ஒரு வயரை எடுத்துக் காட்டுவார்கள். போகிறது டிஜிட்டல் சிக்னல். ஒன்று ஒழுங்காக வரும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாக மின்னும் அல்லது வரவே வராது. முலாத்தால் கதாநாயகி சிவப்பாகிவிட மாட்டாள். ‘ஹை ஸ்பீடு’ என்று வயர் மேலேயே அச்சடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

வள்ளியூர் காத்தாடி:
இந்தக் காலத்தில் பட்டாசல் நடுவே வயர் இழுத்துக்கொண்டு இருப்பீர்களா அண்ணாச்சி? விண்டோஸ் விசையையும் கே விசையையும் சேர்த்து அமுக்கினால் டிவி பெயர் வரும், தட்டினால் லேப்டாப்பில் இருப்பது டிவியில் தெரியும். டிவி மெனுவில் ஸ்க்ரீன் ஷேர் அல்லது ஸ்க்ரீன் மிரரிங் என்று இருப்பதை மட்டும் திறந்து வைக்க வேண்டும். மிராகாஸ்ட் என்று பெயர், 2012இலிருந்து இருக்கிறது. இதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை, லேப்டாப்பும் டிவியும் நேராகப் பேசிக்கொள்ளும். தெருவில் நெட் சுற்றினாலும் இது ஓடும். பெங்களூரில் என் அறையில் வயரே கிடையாது.

பாளை சால்டரிங்:
உங்கள் அறையில் நீங்கள் ஒருத்தர், உங்கள் போன் ஒன்று. அங்கே ஓடும், நான் இல்லையென்று சொல்லவில்லை. இவர் வீட்டில் அன்றைக்கு இருபது முப்பது போன், எல்லாம் வைஃபை தேடிக்கொண்டு கிடக்கும். மிராகாஸ்டில் என்ன நடக்கிறது? லேப்டாப் படத்தைப் பிரித்துத் தன் திரையில் காட்டி, அந்தத் திரையைத் திரும்ப ஒரு வீடியோவாகச் சுருக்கி, காற்றில் அனுப்பி, டிவி அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். அதனால்தான் கொஞ்சம் பிந்தி வரும், காற்றில் நெரிசல் என்றால் கட்டம் கட்டமாக உடையும். நல்ல சண்டைக் காட்சியில் அப்படி நின்றால் பெரியவர்கள் யாரைத் திட்டுவார்கள்? இவரைத்தான். ஆப்பிள் லேப்டாப் என்றால் மிராகாஸ்டே கிடையாது, அதற்கு ஏர்பிளே என்று தனி வழி, டிவி அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வள்ளியூர் காத்தாடி:
சரி, கூட்டத்துக்கு வயர், ஒத்துக்கொள்கிறேன். தனியாகப் பார்க்க வயர் இல்லாமல்தான் சுகம். அதையும் எழுதிவிடுங்கள்.

கல்லிடை மைனி:
இதில் இன்னொரு குழப்பம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் சொன்ன ஸ்டிக், போனில் இருந்து ‘காஸ்ட்’ செய்வது இதெல்லாம் மிராகாஸ்ட் மாதிரி கிடையாது. யூடியூபைக் காஸ்ட் செய்தால் போன் அந்த வீடியோவின் முகவரியை மட்டும்தான் டிவிக்குக் கொடுக்கிறது, டிவியே நெட்டில் இருந்து நேராக இழுத்துக்கொள்கிறது. போனை அணைத்துவிட்டால்கூடப் படம் ஓடும். அதனால் நெட் சரியில்லாத தெருவில் ஸ்டிக் வாங்கியும் பிரயோஜனம் இல்லை. ஹார்டு டிஸ்கில் படம் இருப்பவருக்கு ஸ்டிக்கைக் காட்டுகிற கடைக்காரரை என்னவென்று சொல்ல!

பேட்டை ரெண்டாம் தெரு:
எனக்கு ஒன்று புரியவில்லை. எதற்கு இவ்வளவு பாடு? ஹார்டு டிஸ்கையே டிவியின் யூஎஸ்பியில் செருகினால் படம் ஓடாதா? நான் பென் டிரைவில்தான் போட்டுப் பார்க்கிறேன்.

கல்லிடை மைனி:
ஓடும், ஓடாது. உங்களுக்கு ஓடுகிறது என்றால் உங்கள் படங்கள் நல்ல படங்கள். மற்றவர்களுக்கு வருகிற தொந்தரவு என்னவென்றால், பென் டிரைவ் ஃபேட் 32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரு ஃபைலை ஏற்றவே முடியாது, அரை டிரைவ் காலியாக இருந்தாலும் இடம் இல்லை என்பதுபோல முரண்டு பிடிக்கும். அதை எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் சில பழைய டிவி அதைப் படிக்காது. அடுத்தது, எச்இவிசி என்கிற முறையில் சுருக்கிய படங்களைக் கொஞ்சம் பழைய டிவி திறக்காது. எல்லாவற்றையும் விட மோசம், படம் வரும், சத்தம் வராது. அது டிடிஎஸ் என்கிற முறையில் பதிந்த ஒலித்தடம். சாம்சங் 2018 வாக்கில் டிவிகளில் டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது, எல்ஜியும் 2020இல் வந்த மாடல்களில் எடுத்தது. புது டிவி, பெரிய டிவி, ஆனால் ஊமைப் படம். டிவி ரிப்பேர் என்று நினைத்து ஆள் கூப்பிடுகிறார்கள்.

லேப்டாப்பில் விஎல்சி என்கிற வீடியோ பிளேயரைப் போட்டு எச்டிஎம்ஐ வழியாக அனுப்பினால் இந்தத் தலைவலி ஒன்றும் கிடையாது, ஏனென்றால் பிரிக்கிற வேலையை லேப்டாப் செய்துவிடுகிறது. டிவிக்கு வெறும் திரை வேலைதான்.

பாளை சால்டரிங்:
மைனி சொன்னது அப்படியே உண்மை. “சத்தம் வரவில்லை, ஸ்பீக்கரை மாற்றுங்கள்” என்று டிவியையே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

அம்பை வளவு:
வயர் வாங்கி மாட்டிவிட்டேன். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருந்தது, நல்லவேளை. டிவியில் படம் வருகிறது. ஆனால் இரண்டு குறை. சத்தம் லேப்டாப்பில் இருந்தே வருகிறது, டிவியில் இருந்து வரவில்லை. அப்புறம், திரையின் நாலு ஓரமும் வெட்டுப்பட்டுப் போகிறது, கீழே கடிகாரம் இருக்கிற பட்டையே பாதிதான் தெரிகிறது.

வள்ளியூர் காத்தாடி:
சத்தத்துக்கு, லேப்டாப்பில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர் குறியைத் தட்டி, எந்தக் கருவியில் சத்தம் வர வேண்டும் என்ற பட்டியலைத் திறந்தால் டிவி கம்பெனி பெயர் ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். வயரை மாட்டி, டிவியை அந்த எச்டிஎம்ஐக்கு மாற்றிய பிறகுதான் அந்தப் பெயரே வரும். விஎல்சி ஏற்கெனவே திறந்திருந்தால் ஒருமுறை மூடித் திறங்கள். லேப்டாப் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்துவிட்டு, டிவி ரிமோட்டில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாளை சால்டரிங்:
ஓரம் வெட்டுப்படுவது டிவி செய்கிற வேலை, லேப்டாப்பில் நோண்டாதீர்கள். பழைய குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரம் நேராக இருக்காது, அதனால் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டி ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் எல்இடி டிவியிலும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டது. டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற இடத்துக்குப் போங்கள். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று இருக்கும், சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’. மற்ற கம்பெனியில் ஓவர்ஸ்கேன் என்றே எழுதியிருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். சில டிவியில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலே தானாகச் சரியாகிவிடும், எழுத்தும் கூர்மையாகும்.

அம்பை வளவு:
இரண்டும் சரியாகிவிட்டது. டிவி 4கே, ஆனால் 4கே வைத்தால் மவுஸ் அம்பு தள்ளாடிக்கொண்டு போகிறது. எதனால்?

பாளை சால்டரிங்:
லேப்டாப் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கும். அதில் 4கே நொடிக்கு 30 முறைதான் போகும். 60 வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் 2.0 வேண்டும், டிவி மெனுவில் அந்த போர்ட்டுக்கு ‘டீப் கலர்’, ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ என்கிற மாதிரி ஒன்றை ஆன் செய்யவும் வேண்டும். உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கிற படம் 1080க்கு மேல் இருக்காது. லேப்டாப்பை 1080இல் வைத்து 60 ஹெர்ட்ஸில் விடுங்கள், டிவியே பெரிதாக்கிக்கொள்ளும். வீண் ஆசை வேண்டாம்.

கல்லிடை மைனி:
60இலும் விடாதீர்கள், படம் பார்க்கும்போது 24 வையுங்கள். சினிமா எடுப்பது நொடிக்கு 24 ஃப்ரேம். அதை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்ட ஒரு ஃப்ரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில், வயல் வரப்பு, ரயில் பெட்டி வரிசை இந்த மாதிரி இடத்தில், சின்னச் சின்னதாகக் குலுங்கும். நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது, ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் விடாது. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற இடத்தில் டிவியைத் தேர்ந்தெடுத்தால் 24 ஹெர்ட்ஸ் இருக்கும். படம் முடிந்ததும் திரும்ப 60க்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மவுஸ் இழுக்கும்.

இதைவிட முக்கியம், டிவியில் மோஷன் என்று தொடங்குகிற, அல்லது ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று பெயர் வைத்திருக்கிற சமாசாரத்தை ஆஃப் செய்யுங்கள். அது இல்லாத ஃப்ரேம்களைத் தானாக நடுவில் வரைந்து சொருகுகிறது. நல்ல ஒளிப்பதிவாளர் எடுத்த படமும் மத்தியானம் ஓடுகிற சீரியல் மாதிரி ஆகிவிடும். கடையில் டிவி வாங்கும்போது இது ஆனில்தான் இருக்கும், யாரும் அதைச் சொல்வதில்லை.

ஆச்சிக்குக் கருப்பு வெள்ளைப் படம் என்று சொன்னீர்களே, அதற்கு ஒன்று. தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973இல்தான். அதற்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று கட்டத்தில் எடுத்தவை. அதை டிவி அகலத்துக்கு இழுத்துவிட்டால் எல்லோருக்கும் கன்னம் வீங்கிக் குட்டையாகத் தெரிவார்கள். பக்கத்தில் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். விஎல்சியில் ஏ விசையைத் தட்டத் தட்ட அளவு மாறும், 4:3 வரும் வரைக்கும் தட்டுங்கள். வீட்டில் யாராவது “திரை முழுக்க வரலையே” என்று ரிமோட்டை எடுத்து இழுத்துவிடுவார்கள், ரிமோட்டை ஒளித்து வையுங்கள்.

பேட்டை ரெண்டாம் தெரு:
மைனி சினிமா எடுக்கிறவங்களா?

கல்லிடை மைனி:
அப்பளம் போடுகிறவள். கல்லிடைக்குறிச்சியில் வேறு என்ன செய்வார்கள்? மத்தியானம் அப்பளம் காய்கிற நேரத்தில் படம் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அம்பை வளவு:
மைனி, அத்தான் மலையாளப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் ஃபைல் ஒன்று வைத்திருக்கிறார். போட்டால் ஒரு படத்தில் கட்டம் கட்டமாக வருகிறது, இன்னொன்றில் ஏதோ கிறுக்கல் எழுத்தாக வருகிறது. சத்தத்துக்கும் அதற்கும் பொருந்தவும் இல்லை.

கல்லிடை மைனி:
மூன்றும் மூன்று வேறு நோய். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். விஎல்சியில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், சப்டைட்டில் என்று போய் எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள், அது விண்டோஸோடு வருகிற தமிழ் எழுத்துரு, பழைய விண்டோஸ் என்றால் லதா. கிறுக்கல் எழுத்து வந்தால் என்கோடிங் தப்பு, அதே இடத்தில் யூடிஎஃப் 8 வையுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். நோட்பேடில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து யூடிஎஃப் 8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும். நோட்பேடிலேயே கிறுக்கலாக இருந்தால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்தில் யாரோ தட்டியது, அதற்கு மாற்றி ஒன்று தேட வேண்டும், சவத்தை விட்டுவிட்டு வேறு ஃபைல் பார்ப்பது நல்லது.

பொருந்தவில்லை என்றால் படம் ஓடும்போதே ஜி, எச் விசைகள். ஒன்று முன்னால் தள்ளும், ஒன்று பின்னால் தள்ளும். பேச்சே வாயசைப்போடு பொருந்தவில்லை என்றால் ஜே, கே. ஒரு தட்டுக்குக் கொஞ்சம்தான் நகரும், பொறுமையாகத் தட்டுங்கள். சப்டைட்டில் ஃபைலுக்குப் படத்தின் பெயரையே வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டால் தானாக வந்துவிடும்.

பேச்சு காதில் விழவில்லை, பாட்டு வந்தால் காது கிழிகிறது என்று அடுத்து கேட்பீர்கள். அது தியேட்டருக்காக ஆறு தடத்தில் கலந்த ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் அடைப்பதால் வருவது. விஎல்சியில் ஆடியோ எஃபெக்ட்ஸ் என்ற இடத்தில் கம்ப்ரஸர் இருக்கிறது, அதை ஆன் செய்தால் மேடு பள்ளம் கொஞ்சம் சமமாகும். ராத்திரியில் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது அவசியம்.

வள்ளியூர் காத்தாடி:
என் பங்குக்கு ஒன்று. விண்டோஸ் விசை, பி விசை சேர்த்து அமுக்கினால் நாலு வழி காட்டும். எல்லோரும் டூப்ளிகேட்டில் விடுவார்கள், அதில் லேப்டாப் திரை எந்த அளவோ அந்த அளவுக்கு டிவியையும் இறக்கிவிடும் வாய்ப்பு உண்டு. ‘செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி’ வையுங்கள், டிவியில் மட்டும் தெரியும். லேப்டாப் மூடியை மூடினால் தூங்கிவிடாமல் இருக்க கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ‘டு நத்திங்’ என்று வைக்கலாம். ஆனால் மூடி வைத்து மெத்தை மேல் போடாதீர்கள், காற்று போகிற வழி அடைத்துச் சூடேறும்.

இன்னொன்று, வாட்ஸப்பை லேப்டாப்பில் திறந்து வைத்திருந்தால் முதலில் மூடுங்கள், நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். என் கூட்டாளி ஒருத்தன் கல்யாண வீட்டில் படம் போட்டுக்கொண்டிருக்கும்போது, பெண் வீட்டாரைப் பற்றி அவன் சித்தி எழுதியது டிவி மூலையில் வந்துவிட்டது. பெண் வீட்டார் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

பேட்டை ரெண்டாம் தெரு:
அய்யோ. என்ன எழுதியிருந்தார்கள்?

வள்ளியூர் காத்தாடி:
வேண்டாம் அண்ணாச்சி, இது பொது இடம்.

சங்கரன்கோவில் சாரம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் தாத்தா வீட்டில் 2006க்குப் பிறகு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் குழாய் டிவிதான் இன்றைக்கும் ஓடுகிறது. வேறு டிவி வாங்கித் தருகிறேன் என்றால் தாத்தா விடமாட்டேன் என்கிறார். தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் இருக்கிறது. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முள் உள்ள வயர் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். ஒன்றுமே வரவில்லை. லேப்டாப் கெட்டுப்போச்சா?

பாளை சால்டரிங்:
லேப்டாப் நன்றாக இருக்கிறது. வாங்கின வயர்தான் தண்டம். லேப்டாப் அனுப்புவது டிஜிட்டல், அந்த டிவிக்குப் புரிவது அனலாக். வெறும் செம்புக் கம்பியால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது. அந்த மாதிரி வயரை ஏன்தான் விற்கிறார்களோ, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது தீப்பெட்டி அளவை விடக் கொஞ்சம் பெரிதான கன்வெர்ட்டர் பெட்டி. அதற்கு யூஎஸ்பி வழியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும், லேப்டாப் யூஎஸ்பியிலேயே கொடுக்கலாம். வாங்கும்போது திசையைப் பாருங்கள். எச்டிஎம்ஐ உள்ளே போய் ஏவி (அந்த மூன்று முள்) வெளியே வருவது ஒன்று, ஏவி உள்ளே போய் எச்டிஎம்ஐ வெளியே வருவது இன்னொன்று, இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பெட்டிப் பக்கவாட்டில் PAL, NTSC என்று டிவி சிக்னல் முறையை மாற்றுகிற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், நம் ஊருக்கு PAL. தப்பாக இருந்தால் படம் உருளும், இல்லை கருப்பு வெள்ளையாக வரும். டிவியில் ஒரே ஒரு ஆடியோ ஓட்டைதான் இருந்தால் மஞ்சளையும் வெள்ளையையும் மாட்டுங்கள், சிவப்பு சும்மா தொங்கட்டும்.

படம் நன்றாகவே தெரியும், ஆனால் லேப்டாப் எழுத்தைப் படிக்க முடியாது. அந்த டிவியில் மொத்தமே 576 வரிதான். ஃபைல் எது என்று லேப்டாப் திரையில் பார்த்துப் போட்டுவிடுங்கள். ஓடிடி படங்கள் இந்தப் பெட்டி வழியாகப் பெரும்பாலும் வராது, சத்தம் வந்து திரை கருப்பாக நிற்கும். எச்டிசிபி என்று ஒரு பூட்டு இருக்கிறது, காப்பி எடுக்காமல் இருக்கப் போட்டது, அனலாகுக்கு மாற்றுகிற பெட்டியை அது நம்பாது. ஹார்டு டிஸ்கில் இருப்பது ஓடும்.

சங்கரன்கோவில் சாரம்:
இந்த லேப்டாப்பில் நீல நிறத்தில் 15 ஓட்டை உள்ள ஒரு போர்ட்டும் இருக்கிறது. அது எதற்கு?

பாளை சால்டரிங்:
விஜிஏ. 1987இல் வந்தது, இன்னும் சாகவில்லை. அதில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. ஹெட்போன் ஓட்டையில் இருந்து தனியாக ஒரு ஆடியோ வயர் இழுக்க வேண்டும். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வந்த எல்இடி டிவிகளில் ‘பிசி இன்’ என்று இதற்கு ஜோடி இருந்தது. எச்டிஎம்ஐ இல்லாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் உதவும். உங்கள் குழாய் டிவிக்கு வேண்டாம்.

அம்பை வளவு:
பெரியப்பா ஒரு யோசனை சொல்கிறார், டிவி எதற்கு, புரொஜெக்டர் வாங்கி மொட்டைமாடியில் வேட்டி கட்டிப் படம் போடலாம் என்று. ஆன்லைனில் மலிவாக இருக்கிறதாம்.

கல்லிடை மைனி:
பெரியப்பாவுக்கு ஆசை நல்ல ஆசைதான். மலிவு புரொஜெக்டரில் பத்தாயிரம் லூமென் என்றெல்லாம் போட்டிருப்பார்கள், ஆன்சி லூமென் (முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு என்று கேட்டால் மூச்சு விடமாட்டார்கள். தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற மாடியில் ஒன்றும் தெரியாது. வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கட்டும்.

பாளை சால்டரிங்:
அம்பைத் தம்பிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், மற்றவர்களும் படியுங்கள்.

வயரை மாட்டும்போது லேப்டாப் சார்ஜரும் டிவியும் பிளக்கில் இருக்கக் கூடாது. இரண்டு முள் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோகப் பகுதியை வெறுங்காலோடு தொட்டால் லேசாக விறுவிறு என்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். சார்ஜருக்குள் இருக்கிற ஒரு கெபாசிட்டர் வழியாகக் கசிவது அது. மீட்டர் வைத்தால் நூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில்கூடக் காட்டும், ஆனால் கரண்ட் மிகக் கொஞ்சம், ஆளை ஒன்றும் செய்யாது. எச்டிஎம்ஐயில் 19 பின், ஒவ்வொன்றும் முடி மாதிரி. டிவி பக்கம் கேபிள் வயர் வழியாக வேறு எங்கோ எர்த் ஆகியிருக்கும், லேப்டாப் பக்கம் மிதந்துகொண்டிருக்கும். இரண்டையும் ஓடும்போதே சேர்த்தால் அந்த வித்தியாசம் இந்தப் பின் வழியாகத்தான் பாயும். போர்ட் போகும், சில சமயம் போர்டே போகும். அதனால் முதலில் எச்டிஎம்ஐ, அப்புறம்தான் கரண்ட். இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மூன்று முள் சார்ஜராக இருந்தால் நல்லது, ஆனால் சுவரில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள், பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கூட்டம் உள்ள வீடு என்பதால் இன்னொன்று. வயரை டிவிக்குப் பின்னால் சுவர்ச் சட்டத்தில் ஒரு டேக் போட்டுக் கட்டி, கொஞ்சம் தளர்வு விட்டுத் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் தடுக்கினால் இழுப்பு அந்தக் கட்டில் நிற்கும், போர்ட்டுக்குப் போகாது. சுவரோடு ஒட்டின டிவி என்றால் வளைந்த முனை உள்ள வயர் அல்லது எல் மாதிரி ஒரு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். நேர் வயரை மடக்கித் திணித்தால் உள்ளே சால்டர் விட்டுப்போகும்.

அம்பை வளவு:
டேக் போட்டுக் கட்டிவிட்டேன் அண்ணாச்சி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் மாற்றியாச்சு. ஒயர்லெஸ் மவுஸ் ஒன்று வாங்கினேன், படுத்துக்கொண்டே நிறுத்தலாம். அத்தான் சப்டைட்டிலும் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

மேலப்பாளையத்தான்:
இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் போன ஐப்பசி மழையில் இடி விழுந்த அன்றைக்கு டிவியை சுவிட்சில் அணைத்துதான் வைத்திருந்தோம். மறுநாள் பார்த்தால் செட்டாப் பாக்ஸ் போச்சு, டிவியில் அது மாட்டியிருந்த எச்டிஎம்ஐ ஓட்டையும் வேலை செய்யவில்லை. கரண்ட் அணைத்திருந்தும் எப்படிப் போகும்? அந்த ஓட்டையில் லேப்டாப் மாட்டினால் ‘நோ சிக்னல்’ என்றே காட்டுகிறது. வேறு வயர் போட்டும் பார்த்தாச்சு.

பாளை சால்டரிங்:
பாய், இடி கரண்ட் லைனில் மட்டும் வராது. கம்பம் கம்பமாக இழுத்துக்கொண்டு வருகிற கேபிள் வயரில் வரும், மாடியில் நிற்கிற டிஷ் வழியாகவும் வரும். செட்டாப் பாக்ஸுக்குள் நுழைந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குள் போயிருக்கிறது. சுவிட்ச் போர்டில் அணைத்தாலும் அந்த வழி திறந்தேதான் இருக்கும். மழைக்காலத்தில் மேற்கே கருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவதோடு கேபிள் வயரையும் திருகிக் கழற்றிவிட வேண்டும். லேப்டாப் மாட்டியிருந்தால் எச்டிஎம்ஐயையும் கழற்ற வேண்டும்.

உங்கள் டிவியில் இரண்டாவது, மூன்றாவது எச்டிஎம்ஐ இருந்தால் அதில் லேப்டாப்பை மாட்டிப் பாருங்கள். ஏஆர்சி என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, அது சவுண்ட் பாருக்கும் உதவும், படமும் வாங்கும். ஒரு போர்ட் மட்டும் போயிருந்தால் மற்றது வருஷக்கணக்காக ஓடும். அது ஒன்றுதான் மிச்சம் என்றால் செட்டாப் பாக்ஸையும் லேப்டாப்பையும் அந்த ஒரே ஓட்டைக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிற எச்டிஎம்ஐ சுவிட்ச் பெட்டி ஒன்று போட்டுக்கொள்ளலாம். எல்லா போர்ட்டும் செத்துவிட்டது என்றால் மெயின் போர்டு பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வேலை செய்கிற வேறு ஒரு செட்டாப் பாக்ஸை மஞ்சள் வெள்ளை சிவப்பு வயரில் மாட்டிப் பாருங்கள், அதில் படம் வந்தால் போர்டு முழுக்கப் போகவில்லை. மாடல் எண்ணை இங்கே போடுங்கள், டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும்.

மேலப்பாளையத்தான்:
இரண்டாவது ஓட்டையில் வருகிறது அண்ணாச்சி. ஓரம் வெட்டுப்படுகிறது, மேலே எழுதியிருக்கிற ஜஸ்ட் ஸ்கேனைத் தேடுகிறேன்.